லேப்டாப் ஓடவில்லையா? கடைக்கு எடுத்துப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் ட்யூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். "உயிரே இல்ல தம்பி. எவ்வளவு அழுத்தினாலும் ஒண்ணும் வரல. கடைக்கு ஃபோன் பண்ணினா, மதர்போர்டு போயிருக்கும், ஏழாயிரம் எட்டாயிரம் ஆகும்னு சொல்றாங்க" என்றார். மதர்போர்டு என்பது உள்ளே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை. "சார்ஜர் கொண்டு வந்தீங்களாக்கா?" என்று கேட்டேன். பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

சுவரில் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். சார்ஜர் ஒயரின் நடுவில் கறுப்பாகச் செங்கல் மாதிரி ஒரு பெட்டி இருக்குமே, அடாப்டர், அவருடையதில் ஒரு சின்ன பச்சை விளக்கு உண்டு. அது எரியவில்லை. சுவரிலிருந்து வரும் ஒயர் அந்தப் பெட்டிக்குள் சொருகும் இடத்தை உற்றுப் பார்த்தேன். முழுசாக உள்ளே போகாமல் ஒரு நூல் அளவு வெளியே நின்றது. கட்டைவிரலால் அழுத்தியதும் பச்சை விளக்கு வந்தது. பத்து நிமிடம் சார்ஜ் ஏறியதும் லேப்டாப்பும் எழுந்துவிட்டது. இரண்டு நாளாக பேட்டரி மட்டும் கரைந்து கரைந்து காலியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பழுது பார்ப்பதற்கு எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிறோம். அங்கேயும் இருட்டு என்றால் தெருவுக்கே கரண்ட் இல்லை. அங்கே விளக்கு எரிந்தால் கோளாறு நம் வீட்டில். அடுத்து, அடுத்த அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கிறோம். ஓடினால் கோளாறு இந்த அறையில். ஒவ்வொரு தடவை எட்டிப் பார்க்கும்போதும், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. லேப்டாப்பையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். என்ன கெட்டுப்போனது என்று முதலிலேயே ஊகிக்காமல், எதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும்.

கூடவே ஒரு பழக்கம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சார்ஜரையும் மாற்றி, பேட்டரியையும் கழற்றி மாட்டி, பிளக் பாயிண்ட்டையும் மாற்றிய பிறகு லேப்டாப் ஓடினால், எதனால் ஓடியது என்றே தெரியாது. அடுத்த வாரம் மறுபடி நின்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒன்றுமே வரவில்லை என்றால்

"ஆன் ஆகவில்லை" என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. விளக்கு, ஃபேன் சத்தம் எதுவுமே இல்லாதது ஒன்று. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை மட்டும் கறுப்பாக இருப்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு நோய். இதைப் பிரிக்காமல் எந்த வேலையும் தொடங்க வேண்டாம்.

முதல் வகைக்கு மின்சாரம் வரும் பாதையைத் தொடருங்கள். அந்த பிளக் பாயிண்ட்டில் ஃபோன் சார்ஜ் ஆகிறதா? அடாப்டரில் விளக்கு உண்டென்றால் எரிகிறதா? லேப்டாப்பில் சொருகியதும் அந்த விளக்கு அணைந்துபோகிறதா? அப்படி அணைந்தால் அடாப்டர் பலவீனமாகியிருக்கலாம், அல்லது லேப்டாப்பின் உள்ளே ஷார்ட் இருக்கலாம். பின்னை மெல்ல அசைத்தால் சார்ஜ் விளக்கு வந்து வந்து போகிறது என்றால், பின் சொருகும் ஜாக் தேய்ந்து ஆடுகிறது. அது சின்ன வேலை, மதர்போர்டு செலவு அல்ல.

தெரிந்தவரிடம் சார்ஜர் கடன் வாங்கிப் பார்ப்பதுதான் இதில் மிக நல்ல சோதனை. ஆனால் அடாப்டரின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர், 65 வாட் என்பது போல எழுதியிருக்கும். உருண்டை பின் சார்ஜரில் வோல்ட் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. டைப்-சி சார்ஜர் என்றால் சார்ஜரும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசி வோல்ட்டை முடிவு செய்துகொள்ளும், அங்கே வாட் போதுமா என்று மட்டும் பார்த்தால் போதும். 5 வோல்ட் மட்டும் தரும் பழைய ஃபோன் சார்ஜரைச் சொருகிவிட்டு, லேப்டாப் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சார்ஜர் நன்றாக இருந்தும் உயிர் வரவில்லையா? அப்புறம் இதைச் செய்யுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி வெளியே கழற்றும் மாதிரி என்றால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 வினாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் சொருகி ஆன் செய்து பாருங்கள். கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும், காரணம் எளிது. லேப்டாப்பை அணைத்த பிறகும் உள்ளே ஒரு சின்னக் கட்டுப்பாட்டு சிப் விழித்துக்கொண்டே இருக்கும். பவர் பட்டனை யாராவது அழுத்துகிறார்களா, சார்ஜர் சொருகப்பட்டதா என்று பார்ப்பது அதன் வேலை. வோல்டேஜ் ஏறி இறங்கும்போதோ, பேட்டரி அடியோடு தீர்ந்து அணையும்போதோ அந்தச் சிப் சில சமயம் குழம்பி நின்றுவிடும். நாம் பட்டனை அழுத்துவது அதற்குப் போய்ச் சேராது. மீதி மின்சாரம் முழுக்க வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும். இடி மழைக்குப் பிறகு உயிர் போனதாக என்னிடம் வந்த லேப்டாப்களில் சில இந்த 30 வினாடியிலேயே எழுந்திருக்கின்றன.

இரண்டாவது வகை, திரை மட்டும் கறுப்பு. இதற்குப் பக்கத்து வீட்டு விளக்கு, கேப்ஸ் லாக் விளக்குதான். அந்தக் கீயைத் தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைகிறது என்றால் உள்ளே கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, படம்தான் கண்ணுக்கு வரவில்லை. முதலில் திரை வெளிச்சத்தைக் கூட்டும் கீயை அழுத்துங்கள். குழந்தைகள் தெரியாமல் குறைத்து வைத்திருப்பது உண்டு. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு கீயையும் சேர்த்து அழுத்தினால் படத்தைக் காட்டும் டிரைவர் என்ற மென்பொருள் புதிதாகத் தொடங்கும். அதிலும் வரவில்லை என்றால் அறையை இருட்டாக்கி, ஃபோன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். நிழல் மாதிரி மங்கலாக ஐகான்கள் தெரிந்தால், படம் வருகிறது, பின்னால் எரிய வேண்டிய வெளிச்சம் போய்விட்டது.

வீட்டில் டிவி இருந்தால் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சொருகுங்கள். டிவியில் படம் முழுசாக வந்தால் மதர்போர்டு பிழைத்தது. கோளாறு திரையிலோ, மடக்கும் கீலின் வழியாகத் திரைக்குப் போகும் மெல்லிய கேபிளிலோதான். மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் மினுக்கி மினுக்கி வந்தால் கேபிள் மேல்தான் சந்தேகம் அதிகம்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை, ஃபேன் மட்டும் ஓடுகிறது என்றால் ரேம், அதாவது ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகப் பட்டை, சரியாக உட்காராமல் இருக்கலாம். அடிப்பக்கம் ரேமுக்கென்று தனி மூடி உள்ள பழைய மாடல் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்த பிறகு மட்டும். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, 'க்ளிக்' என்று உட்காரும்வரை திரும்பச் சொருகுங்கள். பீப் சத்தமோ விளக்கு மினுக்கலோ ஒரே கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அதை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பீப் என்றால் என்ன கோளாறு என்று தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கும்.

விண்டோஸ் லோகோ வரை வந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால், அது பொருளின் கோளாறாக இல்லாமல் மென்பொருளின் கோளாறாக இருக்கும் வாய்ப்பு அதிகம். லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை விண்டோஸ் தானாகவே பழுது நீக்கும் நீலத் திரைக்குப் போகும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குவது, சேஃப் மோட் எல்லாம் இருக்கும். பிட்லாக்கர் கீ, அதாவது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியின் திறவு எண், கேட்டால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், ஃபோனில் அந்தக் கணக்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

ரொம்ப மெதுவாக ஓடுகிறது

இதுதான் எல்லா வீட்டிலும் உள்ள புகார். வைரஸ் என்று நினைத்து ஆன்டிவைரஸ் மேல் ஆன்டிவைரஸாக ஏற்றி வைத்திருப்பார்கள், அதனாலேயே இன்னும் மெதுவாகும். முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியூ (ப்ராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று வரிசையாகச் சதவீதம் காட்டும். லேப்டாப் தவிக்கும் நேரத்திலேயே இதைப் பார்க்க வேண்டும், நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி ரேமில் குரோமில் இருபது டேப் திறந்து வைத்தால் அப்படித்தான் ஆகும். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், உள்ளே இருப்பது சுற்றும் ஹார்ட் டிஸ்க்கா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் எச்டிடி (சுற்றும் ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி (சுற்றாத வகை டிஸ்க்) என்றே எழுதியிருக்கும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு முள் அந்தத் தட்டின் மேல் நகர்ந்து போய்த்தான் படித்து வர வேண்டும். நிறைய சின்னச் சின்ன ஃபைல்களை ஒரே நேரத்தில் கேட்டால் முள் அலைந்து அலைந்தே நேரம் போய்விடும். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது. சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டியே வினாடிக்கு 500 எம்பி அளவில் படிக்கும், ஹார்ட் டிஸ்க் 100 எம்பியை ஒட்டித்தான் தரும். ஏழெட்டு வயதான லேப்டாப்புக்குச் செலவு செய்வதாக இருந்தால், என் அனுபவத்தில் எஸ்எஸ்டிக்கு ஈடாக எதுவும் இல்லை. புது லேப்டாப் வாங்கும் யோசனையையே பலர் அதன் பிறகு தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

செலவே இல்லாத ஒரு விஷயமும் உண்டு. தினமும் ஷட் டவுன் செய்கிறேனே என்பார்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே திரும்ப எடுக்கும். சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஏற்பாடு. ஆனால் நேற்றைய சிக்கலும் அதோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்தில் அப்டைம் என்று ஒரு எண் இருக்கும். தினமும் அணைக்கிறேன் என்று சொன்ன ஒருவருடைய லேப்டாப்பில் அது 23 நாள் என்று காட்டியது. பிரிண்டர் வரவில்லை, சத்தம் கேட்கவில்லை, வைஃபை பட்டியலே காணோம் என்று எது வந்தாலும் முதலில் ஒரு ரீஸ்டார்ட்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. லேப்டாப் ஓடும், ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் தானாக வராது. வங்கி வேலைக்கு அந்த லேப்டாப்பைப் பயன்படுத்துகிறவர்கள் புதிய விண்டோஸுக்கு மாறுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சூடு

பத்து நிமிடம் ஓடி, தானாக அணைந்து, கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்தால் மறுபடி பத்து நிமிடம் ஓடுகிறதா? அது சூடு. ப்ராசசர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதவில்லை என்றால் அணைந்துவிடும். மெதுவாக ஓடுகிறது என்ற புகாரிலும் இது ஒளிந்திருக்கும்.

மூன்று வருடம் திறக்காத ஒரு லேப்டாப்பின் அடி மூடியை ஒரு தடவை கழற்றிப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஃபேனுக்கும், காற்று வெளியேறும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி அடைத்து, கம்பளித் துணியை வெட்டி ஒட்டியது மாதிரி ஒரு பட்டை நிற்கும். விரலால் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாக வரும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று வெளியே போக வழியில்லை. வாரண்டி முடிந்து, திருப்புளியும் பொறுமையும் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். கழற்றிய ஸ்க்ரூக்களை எடுத்த இடத்தின் வரிசைப்படியே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள், நீளமான ஸ்க்ரூவை மாற்றிப் போட்டால் போர்டைக் குத்திவிடும். திறக்கத் தயக்கமாக இருந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, காற்று வெளியேறும் துளைப் பக்கம் சின்ன ப்ளோயரால் விட்டு விட்டு ஊதுங்கள். ஃபேன் இறக்கை தாறுமாறாகச் சுற்றாமல் ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். அப்புறம் மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து வேலை செய்வதை விடுங்கள். காற்று உள்ளே போகும் வழி பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.

சின்னச் சின்னவை

இணையம் வரவில்லை என்றால் ஃபோனில் அதே வைஃபை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஃபோனில் மட்டும் ஓடினால் லேப்டாப்பில் ஏரோப்ளேன் மோட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை இணைந்திருந்தும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று எச்சரிக்கை வந்தால், மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் கடிகாரத்தை ஓட்ட ஒரு காசு அளவு பேட்டரி, பெரும்பாலும் சி.ஆர். 2032, உள்ளே இருக்கும். அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியை வைத்துப் பார்த்தால் தளத்தின் சான்றிதழ் செல்லாது, அதனால்தான் பிரவுசர் தடுக்கிறது. தேதியைத் திருத்தினாலே இணையம் வந்துவிடும்.

எழுத்துக்குப் பதிலாக எண் விழுந்தால் நம் லாக் (Num Lock) கீயை அணையுங்கள். கீயை அழுத்தி அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வருகிறது என்றால் ஃபில்டர் கீஸ் விழுந்திருக்கலாம். வலது ஷிஃப்ட்டை 8 வினாடி பிடித்தால் அது வந்துவிடும், யோசித்துக்கொண்டே கையை ஷிஃப்ட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூடினால் மூடி முழுசாகப் படியவில்லை என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்திச் சரி செய்யாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். அணைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கடையில் கொடுத்து மாற்றுங்கள். பழையதைக் குப்பையிலும் போடக் கூடாது.

டீ கொட்டிவிட்டால் துணி தேடி ஓடுவதற்கு முன், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். திறந்தபடியே கூடாரம் மாதிரி கவிழ்த்து வையுங்கள். போர்டைக் கெடுப்பது ஈரத்தோடு சேர்ந்து ஓடும் மின்சாரம். காய்ந்துவிட்டதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசைதான் பல போர்டுகளைக் கொன்றிருக்கிறது. அரிசி மூட்டைக்குள் வைப்பதாலும் ஹேர் டிரையர் சூட்டாலும் நன்மை இல்லை. பாலும் சர்க்கரையும் காய்ந்த பிறகும் உள்ளே ஒட்டிக்கொண்டு அரிக்கும், அதனால் டீ, காபி என்றால் அதே நாளில் திறந்து கழுவிக் கொடுக்கும் கடைக்குப் போய்விடுங்கள்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள். முள் தட்டை உரசினால் அதில் இருக்கும் கல்யாணப் படங்கள் திரும்பி வராது.

திரை முழுக்கச் சிவப்பாக, 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தால், அது லேப்டாப்பின் கோளாறே இல்லை, ஏமாற்று வேலை. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பர் இருக்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை மூடுங்கள். யார் சொன்னாலும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை ஏற்றிக் கணினியை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், 'ஓடல' என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். 'வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தேன், கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது, டிவியில் படம் வருகிறது, லேப்டாப் திரையில் வரவில்லை' என்று சொல்லுங்கள். அதன் பிறகு மதர்போர்டு கணக்கை உங்களிடம் யாரும் எடுக்க மாட்டார்கள். முடிந்தால் ஃபைல்களை வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிட்டுப் போங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார்கள் என்றால் கட்டாயம் வாங்குங்கள், உங்கள் ஆதார் நகலும் பாஸ்வேர்டுகளும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.